பூட்டிய அலுமாரியா, பேஸ்புக்கா? அம்மப்பாவின் கூத்துக் கொப்பிகளை என்ன செய்வது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அம்மப்பாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது றங்குப்பெட்டி ஒன்றுக்குள் ஒன்பது கூத்துக் கொப்பிகளும் நாலு கசெட்டும் சின்னதாக ஓர் ஓலை ஏட்டுக்கட்டும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டால் உலகமே பார்க்கும், நூலகத்துக்குக் கொடுத்தால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள், இந்தக் காலத்தில் நூலகம் இதற்கெல்லாம் என்ன செய்துவிடப் போகிறது என்பது உங்கள் கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுமாரி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. நான் கால் நூற்றாண்டுக்கு மேல் நூலகங்களில் வேலை செய்தவன், உள்வீட்டுக் கதை தெரியும். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நூலகத்தில் ஊரைப் பற்றிய அரிய நூல்கள் எல்லாவற்றையும் உசாத்துணைப் பகுதியில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். திறப்பு ஓர் உத்தியோகத்தரிடம். அவருக்கு இடமாற்றம் வந்தது, திறப்பும் அவரோடு போய்விட்டது. கடிதம் எழுதிக் கேட்டு அது வந்து சேர எட்டு மாதம். திறந்து பார்த்தால் கண்ணாடிப் பக்கம் பளபளவென்று இருக்கிறது, பின்பலகை வழியாகக் கறையான் ஏறிக் கடைசி வரிசையைத் தின்று முடித்திருக்கிறது. முதுகுகள் மட்டும் நின்றன, உள்ளே மண். முன்னால் நின்று பார்த்த எவருக்கும் எல்லாம் பத்திரமாக இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் பேஸ்புக்கும் ஒரு கண்ணாடி அலுமாரிதான், அதன் திறப்பு கலிபோர்னியாவில் இருக்கிறது, அவ்வளவுதான். சில வருடத்துக்கு முன் ஓர் இளைஞர் ஆர்வத்தில் ஒரு கூத்துக் கொப்பியின் பக்கங்களை அங்கே ஏற்றியிருந்தார். ஆட்கள் வந்து ‘அருமை’, ‘நம்மட மண்’ என்று வரிசையாக எழுதினார்கள். எந்த ஊர்க் கொப்பி, யார் எழுதியது, கூத்தின் இரண்டு மோடிகளில் வடமோடியா தென்மோடியா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு அவருடைய கணக்கு முடங்கியது. படங்கள் இருந்த போன் வாவியில் விழுந்தது. கொப்பியைக் கொடுத்த வீட்டுக்காரர் காலமாகிவிட, கொப்பி எங்கே போனதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மிஞ்சியது யாரோ வட்ஸ்அப்பில் சேமித்து வைத்திருந்த பதினேழு பக்கம். வட்ஸ்அப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும், பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் பாசி பிடித்ததுபோல் இருந்தது.

நூலகம் செய்யும் வேலையில் படம் எடுப்பது ஆகச் சின்னப் பகுதி. எடுத்த படம் எதனுடையது, யாருடையது என்று எழுதிவைப்பது, தேடுகிறவனுக்கு அது அகப்படும்படி செய்வது, இருபது வருடம் கழித்தும் அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, கேட்டவனுக்குக் கொடுப்பது, கேட்டாலும் கொடுக்கக் கூடாததைக் கொடுக்காமல் இருப்பது என்று மிச்சம் நிறைய இருக்கிறது. இதையெல்லாம் செய்கிற இடம் எதுவோ அதுதான் நூலகம். சுவரும் கூரையும் இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. கட்டிடம் இருந்தும் இதைச் செய்யாத இடங்களும் உண்டு.

கூத்துக் கொப்பி என்றால் கூத்தின் பாட்டும் வசனமும் கையால் எழுதிய கொப்பி என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் நிதானமாகப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் கையில் எடுத்த முதல் கொப்பி ஒரு தடித்த சி.ஆர். கொப்பி. மட்டை கழன்று, மீன் வலைக்குப் போடும் நைலோன் நூலால் மறுபடி தைத்திருந்தது. வெளியே பழைய கலண்டர் தாளில் உறை. உள்ளே ஊதா மையில் விருத்தம், தரு என்னும் ஆட்டப்பாட்டு, வசனம் என்று அழகான கையெழுத்து. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்குக் குங்குமக் கறை, ஏனென்றால் ஆடுகிறவர்கள் சதங்கை அணியும் நாளில் கொப்பியையும் அம்மன் முன்னால் வைத்துத்தான் எடுப்பார்கள். சில தருக்களின் ஓரத்தில் பென்சிலால் தாளக்கட்டு, அதுவும் முழுதாக இல்லை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தனக்கு மட்டும் விளங்கும்படி இரண்டெழுத்து மூன்றெழுத்தாகச் சுருக்கி வைத்தது. நடுப்பக்கங்களில் மண்ணெண்ணெய் வாடை போகவே இல்லை.

நான் அப்போது செய்த பிழையையும் சொல்ல வேண்டும். பாட்டுள்ள பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்தேன். கடைசி ஆறேழு பக்கம் ‘கணக்கு, தேவையில்லை’ என்று விட்டுவிட்டேன். வருடங்கள் கழித்து கூத்தைப் பற்றி ஆய்வு செய்த பிள்ளை ஒருத்தி வந்து, “ஐயா, சட்டம் கொடுத்த அன்றைக்கு எந்தக் குடிக்கு எந்தப் பாத்திரம் போனது, உடுப்புக்கு யார் காசு போட்டது, இதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்கிறதா?” என்று கேட்டபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். சட்டம் கொடுப்பது என்றால் ஆடுகிறவர்களுக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுப்பது, குடி என்றால் தாய்வழி வம்சம். அந்தக் கடைசிப் பக்கங்களில் அதுதான் இருந்தது. பெற்றோமக்ஸ் வாடகை, மத்தளத்துக்குத் தோல் போட்ட செலவு, யார் யார் எவ்வளவு தந்தது, எந்தப் பொடியன் நடுவில் நின்றுவிட்டான், அவனுக்குப் பதில் யார். திரும்பத் தேடிப் போனால் கொப்பி வீட்டில் இல்லை. ஆகவே மட்டை, உள்மட்டை, வெற்றுப் பக்கம், இடையில் செருகியிருக்கும் துண்டு என்று இருப்பதை இருக்கிற ஒழுங்கில் எடுங்கள், எதையும் தேவையில்லை என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

எடுத்த பிறகு விவரம் எழுத வேண்டும், இதில்தான் பெரும்பாலானவர்கள் கைவிடுகிறார்கள், அலுப்பான வேலை என்பதால். கூத்தின் பெயர், மோடி, ஊர், கோயில், பிரதி எழுதியவர், எந்தக் கொப்பியைப் பார்த்து எழுதினார், ஆடிய வருடம், இப்போது யாரிடம் இருக்கிறது. இவ்வளவும் இல்லாமல் ‘படம் 0043’ என்று ஆயிரம் படம் இருந்தால் அது குப்பைதான். நூலகப் பகுப்பிலேயே சிக்கல் உண்டு. நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அரங்கக் கலைக்கு 792, நாட்டார் வழக்காற்றுக்கு 398. கூத்துக் கொப்பி மூன்றுக்கும் உரியது, ஆனால் இறாக்கையில் ஓரிடத்தில்தான் வைக்கலாம். கணினிப் பட்டியலில் மூன்றிலும் வைக்கலாம், ஊர்ப் பெயராலும் கோயில் பெயராலும் தேட வைக்கலாம். எண்ணிம நூலகத்தால் எங்களுக்குக் கிடைத்த உண்மையான வசதி இதுதான் என்று நான் சொல்வேன், ஸ்கேனர் அல்ல.

ஊர்ப் பெயர் என்றதும் ஒன்று. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961 இல். அதற்கு முந்திய ஆவணம் எல்லாவற்றிலும் காரைதீவும் தம்பிலுவிலும் திருக்கோவிலும் கல்முனையும் சம்மாந்துறையும் ‘மட்டக்களப்பு’தான். எஸ்.ஓ. கனகரத்தினம் 1921 இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூல் இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 1892 இல் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்தரை எந்த மாவட்டத்தில் போடுவது என்று எங்களுக்குள் ஒரு பகிடி உண்டு. பகிடி ஒரு பக்கம் இருக்க, பட்டியல் எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் ‘அம்பாறை’ என்று தேடும் பிள்ளைக்கு 1961 க்கு முந்திய அம்பாறை ஒன்றுமே கிடைக்காது.

படியெடுத்துப் பாதுகாப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஓலைக்கு ஆயுள் இருக்கிறது என்று தெரிந்துதான் பழசைப் பார்த்துப் புதிதில் பெயர்த்து எழுதினார்கள். அதற்கப்புறம் அச்சு வந்தது. தி. சதாசிவ ஐயர் 1940 இல் வசந்தன் கவித்திரட்டை அச்சேற்றினார். எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தை ஏட்டுப் பிரதிகளிலிருந்து பதிப்பித்தார். வி.சீ. கந்தையா 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் எழுதி, 1968 இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்துத் தந்தார். அவர்கள் அன்றைக்கு ஏட்டிலிருந்து தாளுக்கு மாற்றியதைத்தான் இன்றைக்குத் தாளிலிருந்து கோப்புக்கு மாற்றுகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது, ஏதோ ஒன்று விடுபடுகிறது.

கண்ணகி கதையைப் பாடும் அந்த வழக்குரையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் அது படிக்கிற பாட்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து, குளுத்தி என்னும் குளிர்விக்கும் சடங்கு முடியும் வரை உடுக்கோடு பாடுகிறபோது அது வேறு. எந்த இடத்தில் குரல் இறங்குகிறது, எந்த அடியைச் சனம் சேர்ந்து எடுக்கிறது, எந்தப் பாட்டுக்கு முன்னால் பூசை செய்யும் கட்டாடியார் ஒரு கணம் நிறுத்துகிறார், இது ஒன்றும் 1968 ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. தம்பிலுவில் மழைக் காவியமும் அப்படித்தான், மழைக்காகப் பாடுகிறபோது அதற்குள்ள பாரம் பக்கத்தில் தெரியாது. ஆகவே கிழக்கு மாகாணத்தில் நூலகம் என்று ஒன்று பண்பாட்டைக் காக்கிறேன் என்று சொன்னால் அது தாளோடு நிற்க முடியாது, ஒலிக்கும் இடம் வேண்டும். 1950களில் இங்கே இருந்த அமெரிக்க யேசுசபைக் குருவானவர் ஒருவர் வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பாடுமீனின் ஓசையையே பதிந்து வைத்தார். மீனுக்குச் செய்ததை அண்ணாவியாருக்கு நாங்கள் அந்தளவு அக்கறையோடு செய்யவில்லை என்பது என் மனக்குறை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பெட்டியில் ஆக அவசரமானது கொப்பியும் அல்ல, ஏடும் அல்ல, அந்த நாலு கசெட்தான். நல்ல தாள் நூறு வருடம் தாங்கும், ஓலை அதைவிடக் கூட. கசெட் நாடா எங்கள் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் முப்பது நாற்பது வருடம் தாங்கியதே பெரிய காரியம். நாடா தாங்கினாலும் அதைப் போட்டுக் கேட்க நல்ல பிளேயர் இல்லை, திருத்த ஆள் இல்லை. யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பும் 2019 இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கின. காந்த நாடாக்களை முறையாக மாற்றி எடுப்பதற்கு 2025 வரைக்கும்தான் அவகாசம் என்று அந்தத் துறையில் பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் வந்து போய்விட்டது.

பூஞ்சணம் வெள்ளையாகத் தெரிந்தால் வீட்டில் போட்டுப் பார்க்கவே வேண்டாம், நாடாவும் கெடும் பிளேயரும் கெடும். தெரியாவிட்டாலும் முதல் தடவை ஓடவிடும்போதே பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது தடவை ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. எம்பி3 ஆகப் பதிய வேண்டாம், நசுக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். ஒரு மணித்தியாலம் கிட்டத்தட்ட 1 ஜிபி வரும், வரட்டும்.

கொப்பிப் பக்கமும் அப்படித்தான். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தில் எடுத்து நசுக்காமல் வைத்தால் சுமார் 25 எம்பி. 160 பக்கம் என்றால் 4 ஜிபி. இதை மூலப்படி என்று தனியாக வைப்போம், தினமும் யாரும் திறப்பதில்லை. அதிலிருந்து சின்னதாக ஒரு பிடிஎப் செய்து பார்வைக்குக் கொடுப்போம். போனில்தான் எடுக்க முடியும் என்றால் அதுவும் பரவாயில்லை, பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பிளாஷ் இல்லாமல், போனைக் கொப்பிக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் டொக்கியூமென்டாக அனுப்பினால் நசுங்காது.

எத்தனை படி, எங்கெங்கே என்பது அடுத்த கேள்வி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றுள் ஏடுகளும் ஒரே பிரதியாக இருந்தவையும் உண்டு. அது மனிதன் வைத்த தீ. எங்கள் பக்கத்தில் காற்றும் தண்ணீரும் அதே வேலையைச் செய்தன. 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓடும் தகரமும் பறந்த வீடுகளில் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் நனைந்து கூழானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் போனபோது கொப்பியைப் பற்றி யார் யோசித்தது. காணி உறுதி, கலியாணப் படம், கோயில் கணக்கு, பள்ளிக்கூட இடாப்பு எல்லாம் கடலோடு போனது. 2011 ஜனவரி வெள்ளம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

கணினியில் ஏற்றிவிட்டால் இந்தப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் லண்டனில் பிரித்தானிய நூலகத்தையே கணினித் திருடர்கள் முடக்கினார்கள். அதன் பட்டியல் 2024 ஜனவரியில்தான் அரைகுறையாகத் திரும்பி வந்தது, எண்ணிமப்படுத்திய கையெழுத்துப் படிகளை அதற்குப் பிறகும் நெடுநாள் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடத்துக்கே அந்த நிலை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகம் 1999 இல் தொடங்கிய லாக்ஸ் என்ற திட்டத்தின் பெயருக்கே ‘நிறையப் பிரதி இருந்தால் பொருள் பத்திரம்’ என்றுதான் அர்த்தம். குறைந்தது மூன்று படி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். உங்களுக்கு என்றால் ஒரு படி வீட்டில், ஒன்று நூலகத்தில், ஒன்று கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம். எல்லாம் கடற்கரை ஓரத்திலேயே இருந்தால் மூன்று படியும் ஒரு படிதான்.

வைத்த கோப்பு கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண்ணைக் கணினி கணித்துத் தரும். அடுத்த வருடம் மறுபடி கணித்துப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். நல்ல எண்ணிம நூலகங்கள் இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கும். பேஸ்புக் உங்களுக்காக இதைச் செய்யாது. எனக்குத் தெரிந்த ஒரு திட்டத்தில் நாற்பது கொப்பியை அருமையாக ஸ்கேன் செய்து டிவிடியில் எழுதி, நாடா வெட்டித் திறப்பு விழாவும் வைத்தார்கள். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்து எடுத்தால் பாதி டிவிடி திறக்கவில்லை, மிச்சத்தில் தட்டச்சு செய்த கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில்.

பாமினி என்றால் இலங்கையில் தட்டச்சு செய்த எல்லாருக்கும் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். தேடவும் முடியாது. ஊர் மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பிரதேச சாகித்திய விழா மலர் என்று கோப்பாக இருப்பவை ஏராளம் அதில்தான் இருக்கின்றன. எல்லாக் கணினியும் வாசிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் மாற்றிய பிறகு ஒருவர் இருந்து வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினியே வாசிக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். புது அச்சுப் புத்தகம் என்றால் ஓரளவு வாசிக்கும். பழைய ணை, லை, றா வடிவங்கள் வந்தால் தடுமாறும். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்தை மாற்றினார்கள், எங்கள் அச்சகங்களில் பழைய அச்செழுத்து அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் ஓடியது. கூத்துக் கொப்பியின் கையெழுத்து அதற்குப் பிடிபடாது. ஏடு இன்னும் கஷ்டம். ஏட்டில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ரகரத்தையும் காலையும் பிரித்தறிய முடியாது. பாட்டுத் தெரிந்தவர்தான் வாசிக்க முடியும், பாட்டுத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள்.

இதே சிக்கல் எங்கள் முஸ்லிம் ஊர்களிலும் வேறு விதமாக இருக்கிறது. காத்தான்குடியிலோ மருதமுனையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ பழைய வீடுகளில் அரபுத்தமிழ்க் கிதாபு இருக்கும். மொழி தமிழ், எழுத்து அரபு, வலமிருந்து இடமாக ஓடும். தமிழ் தெரிந்த பட்டியலாளர் அதை அரபு நூல் என்று ஒதுக்குவார், அரபு தெரிந்தவருக்குச் சொல் விளங்காது. இரண்டும் தெரிந்த ஒரு மௌலவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் விவரம் எழுத வேண்டும். பெண்கள் வயல் வேலையிலும் வீட்டிலும் சொன்ன கவிகளோ, பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. அதற்கு ஸ்கேனர் உதவாது, ஒரு றெக்கோடரும் ஒரு வெற்றிலைத் தட்டும் ஒரு முழுப் பின்னேரமும் வேண்டும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? 2005 இல் இருந்து நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தன்னார்வத் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்கிறது. ஒலி, ஒளி, படம், ஏடு போன்றவற்றுக்கு ஆவணகம் என்று தனித் தளமும் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, அது பழைய இலக்கியத்தைத் தட்டச்சு செய்து தரும் முயற்சி. இங்கே கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உள்ளூர்ப் பொது நூலகங்கள் மாநகர சபை, பிரதேச சபைகளின் கையில், நூலகர் ஆர்வமுள்ளவர் என்றால் நடக்கும், இல்லாவிட்டால் கடந்தகால வினாத்தாளோடு நின்றுவிடும். என் யோசனை, மூலக் கொப்பியை எங்கும் கொடுக்க வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். படியைக் கொடுங்கள். எங்கே கொடுத்தாலும், எடுத்த மூலப்படிக் கோப்புகளின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். தர மாட்டோம் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு எழும்பி வாருங்கள்.

உரிமை விஷயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. விபுலாநந்த அடிகள் யாழ் நூலை அரங்கேற்றிய 1947 இலேயே மறைந்தார், ஆகவே 2017 முடிந்ததும் அவருடைய எழுத்து பொதுச்சொத்து. கூத்துக் கொப்பி அப்படி எளிதாக இல்லை. பாடியவர் ஒருவர், பெயர்த்தெழுதியவர் இன்னொருவர், அந்த ஊர்க் களரியில் மூன்று தலைமுறை ஆடி ஆடித் திருத்தியது. சட்டம் என்ன சொன்னாலும் அந்த அண்ணாவியார் குடும்பத்தையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரையும் கேட்காமல் ஏற்றுவது முறை இல்லை.

ஏட்டுக்கட்டில் இன்னும் கவனம். அது கூத்து ஏடாக இருக்கலாம், வைத்தியக் குறிப்புள்ள வாகடமாக இருக்கலாம், மந்திரமோ சடங்கு முறையைச் சொல்லும் பத்ததியோ ஆகவும் இருக்கலாம். பத்ததி என்றால் எல்லார் கண்ணிலும் படக் கூடாது என்று அந்தக் கோயிலார் நினைக்கிறார்கள், அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது என் வேலை இல்லை. அவுஸ்திரேலியாவில் வருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து முகுர்த்து என்று ஒரு மென்பொருளே செய்திருக்கிறார்கள், எந்தப் பொருளை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கலாம். எடுத்துப் பாதுகாப்பதும் எல்லாருக்கும் திறந்துவிடுவதும் இரண்டு தனி முடிவுகள். முதலாவதை இன்றைக்கே செய்யலாம், இரண்டாவதை ஆறுதலாகக் கேட்டுச் செய்யலாம். இன்னொன்று, ஏட்டுக்கு வீட்டில் எண்ணெய் பூசவோ விளக்குக் கரி தடவவோ போகாதீர்கள், பழையவர்கள் செய்ததுதான், ஆனால் பழகிய கை வேண்டும். நைந்த கயிற்றை வெட்டாமல், பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல் ஈரம் இல்லாத இடத்தில் வைத்தால் இப்போதைக்குப் போதும்.

பகிர்வது என்றால் இணையத்தில் போடுவது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிஸில் இருந்தும் கனடாவில் இருந்தும் எனக்குக் கேள்வி வரும், எங்கட கோயில் காவியம் இருக்கிறதா அண்ணன் என்று. அனுப்புகிறேன், சந்தோஷம். ஆனால் ஊரில் இருக்கும் அண்ணாவியாருக்குப் போன் திரையில் வாசிக்கக் கண் தெரியாது. ஒருமுறை ஒரு கொப்பியை ஸ்கேன் செய்துவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று கொஞ்சம் பெரிதாக்கி அச்செடுத்து, கடையில் சுருள் கம்பி போட்டுக் கட்டி அவரிடம் கொடுத்தேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, “ம், எழுத்துத் தெரியுது” என்றார். 2011 வெள்ளத்தில் மூலக் கொப்பி போனது. அடுத்த தடவை கிழமைக்கூத்து என்னும் வாராந்தப் பயிற்சிக்கு அந்தச் சுருள் கம்பிக் கொப்பியைத்தான் வைத்துப் பாட்டெடுத்துக் கொடுத்தார்கள். நான் போனபோது அதன் ஓரத்திலும் பென்சில் குறிப்பு ஏறியிருந்தது, முதல் பக்கத்தில் குங்குமமும். அந்தப் பிரதியைத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் இப்போது அதுவும் ஒரு மூலம்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள் தம்பி. கசெட் முதலில், கொப்பி பிறகு, ஏட்டைப் படம் எடுக்கக்கூடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் மாமாமார் யாராவது அந்தக் கூத்தில் ஆடியிருப்பார்கள். அவர்களைக் கொப்பிக்கு முன்னால் இருத்தி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு தருவையாவது பாடச் சொல்லிப் பதியுங்கள், ஓரத்தில் உள்ள பென்சில் சுருக்கத்தை அவர்கள்தான் விரித்துச் சொல்ல முடியும். அப்படியே ஊர், வருடம், யார் யார் ஆடியது என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு வையுங்கள்.

கசெட்டின் இரண்டாம் பக்கத்தையும் முழுதாக ஓடவிட மறக்க வேண்டாம். என்னிடம் வந்த ஒன்றில் அந்தப் பக்கம் முழுக்க வானொலியில் பிடித்த சினிமாப் பாட்டு. நிறுத்தப் போனேன், கை எட்டவில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நாடா முடிய நாலு நிமிடம் இருக்கும்போது பாட்டு வெட்டுப்பட்டு, மத்தளச் சத்தமும், ஓர் அரங்கேற்றத்தில் மங்களம் பாடுவதும், பின்னால் யாரோ ஒரு பெண் “மனே, லைட்ட இங்கால பிடி” என்று சொல்வதும் கேட்டது.